தண்டர்பேர்டில் அஞ்சல்களைக் காணவில்லையா? அறிகுறி வாரியாகப் பழுது நீக்கும் முறை

சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, "மெயில் எல்லாம் போய்விட்டது, உடனே வாருங்கள்" என்ற அழைப்பு மாதம் தவறாமல் வருகிறது. நேரில் பார்த்தால் பெரும்பாலும் அஞ்சல்கள் வன்தட்டில் அப்படியே இருக்கும். அவற்றைத் திரையில் காட்டும் அட்டவணை கெட்டிருக்கும், அல்லது மென்பொருள் வேறோர் இடத்தைத் திறந்துவைத்திருக்கும். உண்மையாகவே அஞ்சல்களை இழந்தவர்கள், நான் பார்த்த அளவில், கோளாறு வந்த பிறகு பதற்றத்தில் தாங்களே ஏதோ ஒன்றைச் செய்து இழந்தவர்கள். ஒரு கணக்குத் தணிக்கையாளர் அலுவலகத்தில் ஆறு ஆண்டுக் கடிதப் போக்குவரத்து அப்படித்தான் போனது. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும் சுலபமான, தீங்கற்ற சோதனைகளை முதலிலும், செலவும் ஆபத்தும் கூடியவற்றைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

இங்கே சொல்பவை விண்டோஸ் கணினியில் இயங்கும் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்கானவை. பட்டியல்களில் வரும் ஆங்கிலப் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஏதுவாக ஒலிப்பெயர்ப்பிலேயே தந்திருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

கோளாறு என்று தெரிந்தவுடன் தண்டர்பேர்டை மூடுங்கள். சாளரத்தை மூடினால் மட்டும் போதாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பின்னணியில் அது இன்னும் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் ஓரிரு நிமிடம் காத்திருந்து, தானாக நிற்காவிட்டால் மட்டும் நிறுத்துங்கள். இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். வைஃபை என்றால் அணைத்துவிடுங்கள். ஏன் என்பது ஐமேப் கணக்கை (அஞ்சல்களைச் சேவையகத்திலேயே வைத்து, கணினியோடு ஒத்திசைக்கும் வகை) பற்றிச் சொல்லும்போது புரியும்.

அடுத்து, உங்கள் கணக்குகளும் அஞ்சல்களும் அமைப்புகளும் சேமிக்கப்படும் ப்ரொஃபைல் கோப்புறையைக் கண்டுபிடியுங்கள். உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், தண்டர்பேர்டு, ப்ரொஃபைல்ஸ் என்று போனால், எழுத்தும் எண்ணும் கலந்த புரியாத பெயரில் ஒன்றோ சிலவோ கோப்புறைகள் இருக்கும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால், மறைந்தவற்றைக் காட்டும் வசதியை முதலில் இயக்க வேண்டியிருக்கும். இந்த ப்ரொஃபைல்ஸ் கோப்புறை முழுவதையும் வெளிப்புற வன்தட்டு ஒன்றுக்கு நகலெடுத்து, அந்த நகலுக்கு அன்றைய தேதியைப் பெயராக வையுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், நகல் மட்டும். பென்டிரைவுக்கு நகலெடுக்கும்போது "கோப்பு மிகப் பெரியது" என்று மறுத்தால், இடம் போதாமல் மறுப்பதாக நினைக்க வேண்டாம். பழைய ஃபேட்32 அமைப்பில் உள்ள பென்டிரைவ்களில் ஒரு தனிக்கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் அமைப்பில் உள்ள ஒன்றைப் பயன்படுத்துங்கள். நகலெடுப்பு ஒரே இடத்தில் நின்று திணறினாலோ, படிக்க முடியவில்லை என்ற பிழை வந்தாலோ, இந்தக் கட்டுரையின் நடுப்பகுதியை விட்டுவிட்டுக் கடைசிப் பகுதிக்கு நேராகச் செல்லுங்கள்.

நகல் பத்திரமான பிறகு, ப்ரொஃபைலுக்குள் மெயில் என்றும் ஐமேப்மெயில் என்றும் இருக்கும் இரண்டு கோப்புறைகளைப் பாருங்கள். பாப் கணக்குகளும் (அஞ்சல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் வகை) "லோக்கல் ஃபோல்டர்ஸ்" எனப்படும் உள்ளூர்க் கோப்புறைகளும் முதலாவதில் இருக்கும். ஐமேப் கணக்குகள் இரண்டாவதில் இருக்கும். ஒவ்வொரு கணக்கின் உள்ளேயும் இன்பாக்ஸ் என்ற பெயரில் இரண்டு கோப்புகள் தென்படும். பின்னொட்டு எதுவும் இல்லாத கோப்பில்தான் உங்கள் அஞ்சல்கள் அனைத்தும், இணைப்புகள் உட்பட, ஒன்றன்பின் ஒன்றாகச் சாதாரண எழுத்து வடிவில் அடுக்கப்பட்டிருக்கின்றன. எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டு உள்ள மற்றது வெறும் அட்டவணை. எந்த அஞ்சல் பெரிய கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற குறிப்புகளைக் கொண்டது. அட்டவணை போனால் மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். பின்னொட்டு இல்லாத கோப்பு போனால் பாப் கணக்கில் எல்லாமே போனதாகும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பின்னொட்டில்லாத கோப்பின் அளவு. அது 3 ஜிபி, 5 ஜிபி என்று இருந்தால், திரையில் என்ன தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நிதானமாக மூச்சுவிடலாம். அது பூச்சியமாகவோ சில கேபியாகவோ சுருங்கியிருந்தால் எச்சரிக்கையோடு மேலே படியுங்கள். ஒரு கணக்கு பாப் வகையா ஐமேப் வகையா என்பதைக் கணக்கு அமைப்புகளில் "சர்வர் செட்டிங்ஸ்" பக்கத்தின் மேற்பகுதியில் காணலாம். அந்தக் கணக்கின் அஞ்சல்கள் எந்தக் கோப்புறையில் சேமிக்கப்படுகின்றன என்பது அதே பக்கத்தின் அடியில் "லோக்கல் டைரக்டரி" என்ற பெட்டியில் இருக்கும். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: புதிதாக நிறுவியதுபோல் திறக்கிறது, கணக்குகளே இல்லை

திடுக்கிட வைப்பதில் இதற்கே முதலிடம். ஆனால் ஆபத்து மிகக் குறைவு. மென்பொருள் வேறொரு ப்ரொஃபைலைத் திறந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பு முதல், தண்டர்பேர்டு ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனி ப்ரொஃபைலை வைத்துக்கொள்கிறது. ஆகவே 32 பிட் பதிப்பை நீக்கிவிட்டு 64 பிட் பதிப்பை நிறுவினாலோ, வேறு கோப்புறையில் நிறுவினாலோ, அது தன்னைப் புதிய நிறுவலாகக் கருதி வெற்று ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளக்கூடும். பழையது பக்கத்திலேயே தொடப்படாமல் இருக்கும்.

இந்த நிலையில் கணக்கை மறுபடி அமைக்கத் தொடங்க வேண்டாம். ப்ரொஃபைல்ஸ் கோப்புறையில் எத்தனை உள்ளன, எது அளவில் பெரியது என்று பாருங்கள். பிறகு தண்டர்பேர்டில் உதவிப் பட்டியலில் உள்ள "ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்" பக்கத்தைத் திறந்தால், ப்ரொஃபைல்களின் பட்டியலுக்குச் செல்லும் இணைப்பு அங்கே இருக்கும். அந்தப் பட்டியலில் பெரிய ப்ரொஃபைலை இயல்பானதாகக் குறித்து, மென்பொருளை மூடித் திறந்தால், பத்தில் ஒன்பது முறை அனைத்தும் திரும்பிவிடும்.

"பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள்" என்று சொல்லிப் புதிய ப்ரொஃபைலை உருவாக்கச் சொல்லும் செய்தி வந்தால், அதை ஏற்காமல் வெளியேறி, தண்டர்பேர்டின் நடப்புப் பதிப்பை நிறுவுங்கள். புதிய பதிப்பில் ஒருமுறை திறந்த ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்க மறுக்கும்போது வருவது அது; அஞ்சலுக்குச் சேதமில்லை.

ப்ரொஃபைல்ஸ் கோப்புறையில் பெரியது எதுவுமே இல்லையென்றால், இந்தப் பயனர் பெயரில்தான் வழக்கமாக நுழைவீர்களா என்று சரிபாருங்கள். விண்டோஸ் சில நேரம் தற்காலிகப் பயனர் கணக்கோடு தொடங்கிவிடும். அப்போது மேசைத் திரையும் வெறிச்சோடித் தெரியும். கணினியை மறுதொடக்கம் செய்தால் அது சரியாகலாம். விண்டோஸையே புதிதாக நிறுவியிருந்தால், சி டிரைவில் "விண்டோஸ்.ஓல்டு" என்ற கோப்புறை உள்ளதா என்று பாருங்கள். அது சில நாட்களில் தானாக நீக்கப்பட்டுவிடும் என்பதால் அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

அறிகுறி 2: கோப்புறை இருக்கிறது, ஆனால் பட்டியல் காலியாக அல்லது குழம்பியிருக்கிறது

இதில் சில வகைகள் உண்டு. சில அஞ்சல்கள் மட்டும் தெரியாமல் இருக்கலாம். தலைப்பு ஒன்றாகவும் திறந்தால் உள்ளே வேறொரு கடிதமாகவும் இருக்கலாம். அஞ்சலின் நடுப்பகுதியிலிருந்து எழுத்துகள் தொடங்கலாம்.

முதலில் வடிகட்டியைப் பாருங்கள். பட்டியலுக்கு மேலே உள்ள "குவிக் ஃபில்டர்" பட்டையில் "படிக்காதவை" என்ற பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால், படித்தவை அனைத்தும் மறைந்துவிடும். "வியூ" பட்டியலில் "மெசேஜஸ்", "த்ரெட்ஸ்" ஆகியவற்றின் கீழும் இதேபோன்ற தெரிவுகள் உண்டு. இதைச் சரிபார்க்காமல் நானே ஒருமுறை அரை மணி நேரம் கோப்புகளைத் துருவிக்கொண்டிருந்தேன்.

வடிகட்டி இல்லையென்றால் அட்டவணையைச் சந்தேகிக்கலாம். திடீர் மின்வெட்டும் யூபிஎஸ் இல்லாத கணினியும் சேரும் இடங்களில் இது அடிக்கடி நேர்கிறது. கோப்புறையின் மேல் சுட்டியை வைத்து, அதன் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி "ப்ராப்பர்டீஸ்" சென்று, அங்கே உள்ள "ரிப்பேர் ஃபோல்டர்" பொத்தானை அழுத்தினால், பழைய அட்டவணையைக் கைவிட்டுப் புதியதை உருவாக்கும். பல ஜிபி உள்ள கோப்புறைக்கு இது சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை வேறு எதையும் அழுத்தாமல் காத்திருங்கள். பொத்தானுக்குப் பலன் இல்லையென்றால், தண்டர்பேர்டை மூடிவிட்டு, எம்எஸ்எஃப் கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் திறந்தால், புதிய அட்டவணை தானாக எழுதப்படும். பெயர் மாற்றும்போது பின்னொட்டில்லாத கோப்பைத் தவறிப்போய்த் தொட்டுவிடக் கூடாது. விண்டோஸ் பின்னொட்டுகளை மறைத்துக் காட்டும் கணினியில் இரண்டும் ஒரே பெயராகத் தெரியக்கூடும் என்பதால், பின்னொட்டுகளைக் காட்டும் வசதியை இயக்கிய பிறகே இதைச் செய்யுங்கள்.

ஐமேப் கணக்குக்கு மட்டும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. அங்கே "ரிப்பேர் ஃபோல்டர்" என்பது கணினியில் உள்ள நகலைக் கைவிட்டு, அனைத்தையும் சேவையகத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளும் வேலை. சேவையகத்தில் அஞ்சல்கள் இருக்கும்வரை இதனால் கெடுதி இல்லை. நிறுவனத்தின் இணையதளச் சந்தா காலாவதியாகிப் பெட்டி காலியாகியிருந்தாலோ, யாரோ ஒருவர் கைப்பேசியிலிருந்து அனைத்தையும் நீக்கியிருந்தாலோ, உங்கள் கணினியில் இருப்பதே கடைசி நகல். தண்டர்பேர்டு சேவையகத்தோடு ஒத்திசைந்த கணமே அதுவும் போய்விடும். இணையத்தைத் துண்டிக்கச் சொன்னது இதனால்தான். வேறொரு கணினியில் அல்லது கைப்பேசியில் உலாவி வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து, அஞ்சல்கள் அங்கே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஐமேப் கணக்கில் கைவையுங்கள். அங்கே இல்லையென்றால், இணையம் இல்லாத நிலையிலேயே ஐமேப்மெயில் கோப்புறையில் உள்ள பின்னொட்டில்லாத கோப்புகளை நகலெடுத்து, வேறு பெயரிட்டு, மெயில் கோப்புறைக்குள் உள்ள லோக்கல் ஃபோல்டர்ஸில் வைத்துவிடுங்கள். அடுத்தமுறை திறக்கும்போது அவை உள்ளூர்க் கோப்புறைகளாகத் தோன்றும். சேவையகம் அவற்றை அணுக முடியாது. முழு அஞ்சலையும் கணினியில் வைத்துக்கொள்ளும் அமைப்பு முன்பே இயக்கத்தில் இருந்திருந்தால்தான் உள்ளடக்கமும் கிடைக்கும். இல்லாவிட்டால் தலைப்புகள் மட்டுமே எஞ்சும்.

அறிகுறி 3: இன்பாக்ஸ் கோப்பே சுருங்கிவிட்டது அல்லது காணவில்லை

இதைத்தான் நான் உண்மையான அவசரமாகக் கருதுகிறேன். மென்பொருளை மூடியே வைத்திருங்கள்.

அஞ்சல்கள் வேறு கோப்புறைக்கு நகர்ந்திருக்கலாம் என்பதை முதலில் பாருங்கள். "ஆர்கைவ்ஸ்" என்ற கோப்புறை பெரிதாகியிருக்கிறதா? தண்டர்பேர்டில் விசைப்பலகையின் "ஏ" விசையைத் தவறுதலாகத் தட்டினாலே, தெரிவுசெய்த அஞ்சல்கள் அங்கே போய்விடும். அனைத்தையும் தெரிவுசெய்து வைத்திருந்த நிலையில் அந்த விசை அழுந்தினால் இன்பாக்ஸ் முழுவதும் போய்விடும். ப்ரொஃபைலில் உள்ள பின்னொட்டில்லாத கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தினால், காணாமற்போன பெருந்தொகை எங்கே போய் அமர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதுவும் இல்லையென்றால், வைரஸ் தடுப்பு மென்பொருளைத் திறந்து, தனிமைப்படுத்தப்பட்ட கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். இன்பாக்ஸ் முழுவதும் ஒரே கோப்பு என்பதால், ஒரேயொரு அஞ்சலில் தீய இணைப்பு இருந்தாலும், வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்தக் கோப்பு முழுவதையும் தூக்கிப் பூட்டிவைத்துவிடும். பத்தாண்டு அஞ்சல்களும் அதனோடு போகும். அதை மீட்டெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இடைப்பட்ட நேரத்தில் தண்டர்பேர்டு புதிய இன்பாக்ஸ் கோப்பொன்றை உருவாக்கி, அதில் புது அஞ்சல்களை எழுதியிருக்கும். மீட்ட கோப்பை அதன் மேல் எழுதிவிட்டால் அவை போய்விடும். ஆகவே மீட்பதற்கு முன் புதிய கோப்புக்கு வேறு பெயரிட்டு அப்புறப்படுத்துங்கள். ப்ரொஃபைல் கோப்புறையை வைரஸ் சோதனையிலிருந்து விலக்கிவைக்கும் அமைப்பையும் செய்யுங்கள். அதன் பிறகே மீட்டெடுங்கள். இல்லாவிட்டால் மீட்ட கணமே மறுபடி பூட்டிவிடும். பழைய கோப்பு திரும்பியதும், அதிலுள்ள சந்தேகத்துக்குரிய அஞ்சலைத் தண்டர்பேர்டுக்குள் கண்டுபிடித்து நீக்கி, குப்பையையும் காலிசெய்து, கோப்புறையைச் சுருக்குங்கள் (பட்டியலில் "காம்பாக்ட்" என்று இருக்கும்). தனியுரிமை மற்றும் பாதுகாப்பு அமைப்புகளில், உள்வரும் அஞ்சல்களைத் தனித்தனியாகப் பூட்ட வைரஸ் தடுப்புக்கு அனுமதி தரும் தெரிவு ஒன்று உண்டு. அதை இயக்கிவிட்டால், ஒவ்வோர் அஞ்சலும் முதலில் தற்காலிகக் கோப்பாக எழுதப்பட்டுச் சோதனைக்கு உள்ளாகும். இந்த விபத்து மீண்டும் நேரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

மூன்றாவது காரணம், சுருக்குதல் பாதியில் நின்றுபோனது. ஒரு கோப்புறையைச் சுருக்கும்போது தண்டர்பேர்டு தேவையான அஞ்சல்களை மட்டும் புதிய தற்காலிகக் கோப்பொன்றில் எழுதிவிட்டுப் பழையதை மாற்றீடு செய்கிறது. நடுவில் மின்சாரம் போனாலோ வன்தட்டில் இடம் தீர்ந்தாலோ குழப்பம் நேரும். என்எஸ்டிஎம்பி என்று தொடங்கும் பெயருள்ள கோப்புகள் அந்தக் கணக்கின் கோப்புறையில் கிடந்தால், இதுவே காரணம் என்று கொள்ளலாம். அவற்றை அழிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் நகலெடுத்து, புரியும் பெயரொன்றைப் பின்னொட்டில்லாமல் சூட்டி, லோக்கல் ஃபோல்டர்ஸில் வைத்துத் திறந்து பார்த்தால், காணாமற்போனவை அங்கே இருக்கக்கூடும். அஞ்சல்கள் முழுமையாக இருப்பதை உறுதிசெய்த பிறகு எச்சங்களை நீக்கிக்கொள்ளலாம்.

இவை எதுவும் பலிக்காதபோது, விண்டோஸின் "ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்" வசதியோ பழைய காப்பு நகலோ உள்ளதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கணினியை அணைத்துவிட்டுத் தொழில்முறை உதவியை நாட வேண்டிய கட்டம் இதுதான். அழிந்த கோப்பு இருந்த இடத்தின் மேல் வேறெதுவும் எழுதப்படாதிருந்தால்தான் மீட்பு சாத்தியம். மீட்பு மென்பொருளை அதே வன்தட்டில் இறக்கி நிறுவுவதே அந்த இடத்தை மேலெழுதிவிடலாம்.

அறிகுறி 4: நீக்கிய அஞ்சல் மறுபடி வேண்டும், குப்பையையும் காலிசெய்தாகிவிட்டது

பாப் கணக்குக்காரர்களுக்கு இதில் நல்ல செய்தி உண்டு. இன்பாக்ஸிலிருந்து ஓர் அஞ்சலை நீக்கும்போது, அது குப்பைக் கோப்பில் நகலாக எழுதப்படுகிறது; இன்பாக்ஸ் கோப்பில் இருந்த மூலமோ அழிவதில்லை, நீக்கப்பட்டது என்ற குறி மட்டுமே அதன் மேல் விழுகிறது. கோப்புறையைச் சுருக்கும்வரை அது அங்கேயே இருக்கும். ஆகவே முதல் விதி, "காம்பாக்ட்" என்ற சொல் உள்ள எதையும் அழுத்தக் கூடாது. மொத்தமாக 200 எம்பிக்கு மேல் மிச்சமாகும் என்றால் தானாகவே சுருக்கிக்கொள்ளும் அமைப்பும் இயல்பிலேயே இருப்பதால், மென்பொருளை உடனே மூடிவிடுங்கள்.

இன்பாக்ஸ் கோப்பை வேறிடத்துக்கு நகலெடுத்து, அந்த நகலை மட்டும், பெரிய கோப்புகளைத் திறக்கவல்ல உரைத்தொகுப்பி ஒன்றில் திறவுங்கள். விண்டோஸோடு வரும் நோட்பேடு இதற்கு ஏற்றதல்ல. ஒவ்வோர் அஞ்சலின் தலைப்பகுதியிலும் எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்ற வரி இருக்கும். அதன் எதிரே நான்கு இலக்கங்கள் இருக்கும். படித்த சாதாரண அஞ்சலுக்கு 0001. நீக்கிய அஞ்சலுக்கு 8 என்ற மதிப்பு கூட்டப்படும் என்பதால், படித்து நீக்கியது 0009 ஆகவும், படிக்காமல் நீக்கியது 0008 ஆகவும் தெரியும். படித்து, பதிலும் அனுப்பி, பிறகு நீக்கியதற்குக் கடைசி இலக்கத்தின் இடத்தில் ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தான "பி" வரும். தேடி மாற்றும் வசதியால் 0009-ஐ 0001 ஆகவும், 0008-ஐ 0000 ஆகவும், "பி" என்று முடிவதை 0003 ஆகவும் மாற்றுங்கள். வரியின் பெயரையும் சேர்த்தே தேட வேண்டும். வெறும் இலக்கங்களைத் தேடினால் அஞ்சலுக்குள் இருக்கும் விலைப்பட்டியல் எண்களும் மாறிவிடும். எழுத்துக் குறியாக்கத்தை மாற்றாமல் சேமியுங்கள். தமிழ் அஞ்சல்கள் சிதைவது இந்த இடத்தில்தான்.

திருத்திய நகலுக்குப் புதுப் பெயரிட்டு லோக்கல் ஃபோல்டர்ஸில் வைத்துத் திறந்தால், நீக்கியவை அனைத்தும் அங்கே நிற்கும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கோப்புறையை நீக்கிவிடலாம். ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் தொலைந்துபோன ஒப்பந்தக் கடிதம் ஒன்றை இப்படி எடுத்துக் கொடுத்தபோது அங்கிருந்த மூத்த கணக்கர் கண்கலங்கிவிட்டார்; அந்த நாளிலிருந்து இந்த முறையை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

சுருக்குதல் ஏற்கெனவே நடந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். காப்பு நகல் ஒன்றே மிச்சம்.

அறிகுறி 5: புதிய அஞ்சல் இறங்கவில்லை

கடவுச்சொல்லைக் கேட்டாலோ சேவையகத்தை அணுக முடியவில்லை என்றாலோ அது கோப்புக் கோளாறு அன்று. அதை வேறாகப் பாருங்கள். அஞ்சலைப் பெட்டியில் எழுத முடியவில்லை என்றோ கோப்புறை நிரம்பிவிட்டது என்றோ செய்தி வந்தால் மட்டும் இங்கே தொடருங்கள்.

வன்தட்டில் மிச்சமுள்ள இடத்தைப் பாருங்கள். மிகப் பெரிய கோப்புறையைவிட அதிக இடம் காலியாக இல்லாவிட்டால், சுருக்கும் வேலையைக் கூடத் தொடங்கக் கூடாது. இடம் போதுமான அளவு இருந்தால், குப்பையையும் எரிதத்தையும் (வேண்டாத விளம்பர அஞ்சல்கள்) காலிசெய்துவிட்டு அவற்றை முதலில் சுருக்கி, பிறகு இன்பாக்ஸைச் சுருக்குங்கள். கோப்பு படிக்க மட்டுமே அனுமதி என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கணினியிலிருந்து குறுந்தகடு வழியாகக் கொண்டுவந்த கோப்புகளில் அந்தக் குறி ஒட்டிக்கொண்டு வரும். வைரஸ் தடுப்பு மென்பொருள் எழுதும் நேரத்தில் கோப்பைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ப்ரொஃபைலை அதன் சோதனையிலிருந்து விலக்கிப் பாருங்கள்.

பழைய பதிப்புகளில் ஒரு கோப்புறைக்கு 4 ஜிபி என்ற எல்லை இருந்தது. புதிய பதிப்புகள் அதைத் தாண்டி எழுதும் என்றாலும், அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பை வைத்திருப்பது நல்லதல்ல என்பதே என் உறுதியான கருத்து. அது கெட்டால் அனைத்தும் ஒரே நேரத்தில் கெடும். நகலெடுக்கவும் சுருக்கவும் சோதிக்கவும் மணிக்கணக்கில் ஆகும். ஆண்டு வாரியாக உள்ளூர்க் கோப்புறைகளை உருவாக்கி, முடிந்த நிதியாண்டின் அஞ்சல்களை அங்கே நகர்த்துங்கள். ஒரே மூச்சில் இருபதாயிரம் அஞ்சல்களை நகர்த்தாமல் சில நூறுகளாக நகர்த்துவது பாதுகாப்பானது.

அறிகுறி 6: பழைய அஞ்சல்கள் அனைத்தும் மறுபடி இறங்குகின்றன

பாப் கணக்கில், எந்தெந்த அஞ்சல் ஏற்கெனவே இறங்கிவிட்டது என்ற நினைவை பாப்ஸ்டேட் என்ற சிறு கோப்பு வைத்திருக்கிறது. அது கெட்டாலோ காணாமற்போனாலோ, சேவையகத்தில் விட்டுவைத்த அனைத்தும் புதியவை போல வந்து குவியும். இணையச் சேவை தருபவர் பெட்டிகளை வேறு சேவையகத்துக்கு மாற்றும்போதும் அஞ்சல்களின் அடையாள எண்கள் மாறி இதே நிலை வரும். உங்கள் தரப்பில் செய்யக்கூடியது, இறக்கத்தை நிறுத்தி, காப்பு நகலில் உள்ள பாப்ஸ்டேட் கோப்பை மென்பொருளை மூடிய நிலையில் அதே இடத்தில் வைத்துப் பார்ப்பது. சேவையகம் மாறியிருந்தால் அது உதவாது. ஒருமுறை முழுவதும் இறங்கவிட்டு, இரட்டைகளைக் களையும் துணைநிரல் ஒன்றால் நீக்கிவிடுங்கள். களைவதற்கு முன்பும் ஒரு நகல் வேண்டும்.

அறிகுறி 7: அஞ்சல் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை

கோப்புறைக்குள் "குவிக் ஃபில்டர்" கண்டுபிடிக்கும் அஞ்சலை மேலே உள்ள பொதுத் தேடல் கண்டுபிடிக்காவிட்டால், கெட்டிருப்பது தேடலுக்கான தனித் தரவுத்தளம். மென்பொருளை மூடி, ப்ரொஃபைலின் முதல் அடுக்கில் குளோபல்-மெசேஜஸ்-டிபி என்ற பெயரில், எஸ்க்யூலைட் பின்னொட்டோடு இருக்கும் கோப்பை அப்புறப்படுத்துங்கள். திறந்ததும் அது மறுபடி உருவாகும். அஞ்சல்கள் மிகுதியாக இருந்தால் அட்டவணையிடல் முடிய ஒரு முழு நாள் கூட ஆகலாம். அதுவரை தேடல் அரைகுறையாகவே இருக்கும்.

அறிகுறி 8: "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லித் திறக்க மறுக்கிறது

டாஸ்க் மேனேஜரில் நிறுத்துங்கள், பயன் இல்லையென்றால் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால், ப்ரொஃபைலில் பேரன்ட்.லாக் என்ற கோப்பு எஞ்சியிருக்கும்; அதை நீக்கலாம். இரண்டு கணினிகள் ஒரே ப்ரொஃபைலை வலையமைப்பு வழியாகவோ மேகக் கோப்புறை வழியாகவோ பகிர்ந்துகொள்ளும் அலுவலகமாக இருந்தால் அந்தப் பூட்டை உடைக்காதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பு சிதையும். அந்த ஏற்பாட்டையே கைவிட்டு ஐமேப்புக்கு மாறுவதுதான் இதற்குத் தீர்வு.

எப்போது வல்லுநரை அழைப்பது

வன்தட்டிலிருந்து வழக்கமில்லாத டிக்டிக் ஓசை வந்தாலோ, நகலெடுப்பு ஒவ்வொரு முறையும் அதே கோப்பில் நின்றாலோ, விண்டோஸ் "சைக்ளிக் ரிடண்டன்சி செக்" என்ற பிழையைக் காட்டினாலோ, கோளாறு தண்டர்பேர்டில் இல்லை. அந்த நொடியே கணினியை அணைத்துவிடுங்கள். வட்டுப் பிழை திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை அப்போது ஓட்டாதீர்கள். நொடிந்துபோகும் வன்தட்டின் மேல் அது நீண்ட நேரம் ஓடி, மிச்சமிருப்பதையும் குலைத்துவிடக்கூடும். கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் புரியாத பின்னொட்டுகள் முளைத்து, பணம் கேட்கும் குறிப்பு ஒன்றும் கிடந்தால், அது பிணைப்பணத் தீம்பொருள். வலையமைப்பிலிருந்து அந்தக் கணினியைப் பிரித்துவிட்டு, மற்றக் கணினிகளையும் சோதிக்க ஆள் அழையுங்கள். அழிந்த கோப்பு எஸ்எஸ்டி வகை வட்டில் இருந்திருந்தால், நீக்கிய இடத்தை அந்த வட்டு தானாகவே துடைத்துவிடும் என்பதால், மீட்பு நிறுவனம் எவ்வளவு நம்பிக்கை தந்தாலும் பெருந்தொகையைக் கொடுக்குமுன் சோதனை முடிவைக் கேளுங்கள்.

மீட்பு நிலையத்துக்குச் செல்லும்போது, எந்தக் கணக்கு, பாப்பா ஐமேப்பா, கோப்பு கடைசியாக ஏறத்தாழ எவ்வளவு பெரிதாக இருந்தது, கோளாறுக்குப் பிறகு என்னென்ன செய்தீர்கள் என்பவற்றை எழுதிக் கொண்டுபோங்கள். வட்டு, விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியும் தேவைப்படும். மீட்கக் கேட்க வேண்டியது பின்னொட்டில்லாத இன்பாக்ஸ், சென்ட் முதலிய கோப்புகளையும், எஸ்பிடி என்று முடியும் உட்கோப்புறைகளையும்தான். எம்எஸ்எஃப் கோப்புகளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. வாடிக்கையாளர்களின் வங்கி விவரங்களும் அடையாள ஆவணங்களும் அந்த அஞ்சல்களில் இருக்கும் என்பதால், தரவை வெளியிட மாட்டோம் என்ற எழுத்துவழி உறுதியைப் பெற்ற பிறகே வட்டைக் கையில் கொடுங்கள். மீண்ட கோப்புகளைப் பழைய வட்டுக்குள் திரும்ப எழுதச் சொல்லாமல், புதிய வெளிப்புற வட்டொன்றை உடன் எடுத்துச் சென்று அதில் வாங்கிவாருங்கள்.